என் பெயரில் விழுந்த கோல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆம்பூரில் ஒரு திங்கட்கிழமை காலையில் இந்தக் குழப்பம் தொடங்கியது. நான் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறேன். தைத்து முடித்த ஷூவுக்கு பாலிஷ் ஸ்பிரே அடிப்பது என் வேலை. அன்றைக்கு வேலைக்குப் போனால், எப்போதும் முறைத்துக்கொண்டே நிற்கும் கேட் செக்யூரிட்டி வலிய வந்து கை கொடுத்தார். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். கட்டிங் செக்‌ஷனில் இருந்து ஒருவர் ஓடி வந்து என் தோளில் தட்டினார்.

"இன்னா அடி அது. லெஃப்ட்டா ரைட்டா?"

எதைக் கேட்கிறார் என்றே தெரியவில்லை. கேட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ரைட்டு" என்று சொல்லிவைத்தேன்.

பத்து மணிக்கு இன்னொருவர் போனில் வீடியோ காட்டினார். முந்தின நாள் வாணியம்பாடியில் நடந்த கம்பெனிகளுக்கு இடையிலான ஃபுட்பால் ஃபைனல். எங்கோ தூரத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் பாதி மைதானத்தில் இருந்து பந்தை உதைக்கிறான். அது வளைந்து போய் வலைக்குள் விழுகிறது. மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் கத்துவது என் பெயரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஷிப்மென்ட் அவசரம் என்று ஓவர்டைமில் தனி ஆளாக ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபுட்பாலை நான் காலால் தொட்டது ஆறாம் வகுப்பில். அன்றைக்கும் பந்து முள்ளுச் செடிக்குள் போய்விட்டது. ஒரே பெயரில் இன்னொருவன் இருக்கிறானோ என்று டீம் லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர், எம்ப்ளாயீ நம்பர் எல்லாம் என்னுடையதே.

மத்தியானம் சூப்பர்வைசர் கூப்பிட்டு என் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. சனிக்கிழமை, ஆபீஸ் ஃபைலில் ஏதோ சரி பண்ண வேண்டும் என்று வாங்கிப் போயிருந்தார். அந்த டோர்னமென்டில் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஆனால் கப் வேண்டும். அதனால் நன்றாக ஆடுகிற வெளி ஆளைக் கூட்டிவந்து, ஒரு தொழிலாளியின் கார்டைக் கையில் கொடுத்து இறக்கிவிடுவார்களாம். என் கார்டை ஏன் எடுத்தார் என்றால், ஸ்பிரே பட்டுப் பட்டு அதில் என் முகம் அழிந்து, மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த மீசை யாருக்கும் பொருந்தும்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு. வாயத் தொறந்தா கப்பு போய்டும், உன் வேலயும் போய்டும்" என்றார். கூடவே என் பெயர் எழுதிய சிறந்த ஆட்டக்காரர் சர்டிபிகேட்டையும் கொடுத்தார்.

சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சும்மா இருப்பது சுகமாகவும் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக "ஏ ஸ்பிரே" என்று கூப்பிட்டவர்கள் "வாங்க கோல்" என்று கூப்பிட்டார்கள். என் மகள் அந்த சர்டிபிகேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் அதற்கு பிரேம் போடக் காசு தர மாட்டேன் என்றுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து கம்பெனி கேட்டில் ஒல்லியாக ஒருவன் எனக்காகக் காத்திருந்தான். பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்குகிறவன். அவனுக்கும் மீசை இருந்தது. பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கணா. மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க, வேலையோட. அந்த கோல் நான் அடிச்சதுன்னு ஒரு லெட்டர் இருந்தா ட்ரையலுக்குக் கூப்புடுவாங்க. இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான். எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா டோர்னமென்ட் கமிட்டில எழுதித் தருவாங்க."

சொல்கிறேன் தம்பி, அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் வந்தான். ஷிப்மென்ட் என்றேன். அதற்கடுத்த மாசம் வந்தான். கேட்டில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பின்பக்க வழியாகப் போனேன். சொன்னால் வேலை போகுமே என்று பயம். சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. யாரிடம் யோசனை கேட்பது என்றும் தெரியவில்லை. அப்படியே நாள் போனது. அவனும் வருவதை நிறுத்திவிட்டான். நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் ஃபைனலுக்கு முன்னால் ஒரு விழா வைத்தார்கள். நம்ம பக்கத்து ஃபுட்பாலில் மறக்க முடியாத கோல்களை அடித்தவர்களுக்கு சால்வை. பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேரோடு என்னையும் மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். என் முறை வந்து எழுந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் முன் வரிசையில் அவன் நிற்பதைப் பார்த்தேன். எல்லாரோடும் சேர்ந்து எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மைக்கை வாங்கி, "அந்த கோல நான் அடிக்கல. எனக்கு ஃபுட்பாலே தெரியாது" என்றேன்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. தலைமை தாங்கியவர் என் தோளைப் பிடித்து, எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தட்டினார்கள். உண்மையைச் சொன்னால் இப்படி ஆகும் என்று நான் நினைத்ததே இல்லை. அதோடு விடாமல், போன வருஷம் அடித்த அதே இடத்தில் இருந்து ஒரு தடவை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கச் சொன்னார்கள்.

போய் நின்றேன். காலில் கம்பெனி ரிஜெக்ட்டில் எடுத்த, ஒரு சைஸ் பெரிய ஷூ. கண்ணை மூடிக்கொண்டு வலது காலால் உதைத்தேன். பந்து நாலடி உருண்டு நின்றது. ஷூ அதைவிட ரொம்ப தூரம் போனது. முதலில் சிரித்தார்கள். பிறகு, இவனா அந்த கோலை அடித்தான் என்று ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். ஒற்றை ஷூவோடு நடு வெயிலில் நின்றுகொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கை காட்டினேன்.

அவன் தயங்கித் தயங்கித்தான் வந்தான். வழியில் என் ஷூவை எடுத்துவந்து என் காலுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு பந்தைப் பார்த்தான். இடது காலால் ஒரே உதை. பந்து அதே மாதிரி வளைந்து போய் வலைக்குள் விழுந்தது.

"டேய், இவன்தான்டா" என்று யாரோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

இனி கப் போகும், வேலை போகும் என்று நினைத்துக்கொண்டே ஷூவை மாட்டினேன். போன வருஷம் ஃபைனலில் எங்களிடம் தோற்ற கம்பெனியின் டீம் மேனேஜர் வந்து, "எங்க டீம்லயும் அஞ்சு பேரு இப்பிடித்தாம்பா. இத எவன் கேக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷமாக நான் பயந்த பயத்துக்கு மதிப்பு அவ்வளவுதான். சூப்பர்வைசர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதோடு சரி.

கமிட்டி செயலாளர் அங்கேயே லெட்டர்பேடில் நாலு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அதை நானே ஓடிப்போய் அவன் கையில் கொடுத்தேன், ஏதோ பெரிய சாதனை செய்துவிட்டவன் போல. அவன் நிதானமாகப் படித்தான்.

"நல்லா எழுதிருக்காங்கணா. ஆனா வயசு தாண்டிப் போச்சே. நாலு மாசம் ஆவுது."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். லெட்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

அந்த ஒரு வருஷம் என் வாயை மூடிவைத்தது வேலை போய்விடும் என்ற பயமா, "வாங்க கோல்" என்று கூப்பிட்ட அந்த ருசியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கம்பெனியில் சிலர் இப்போதும் பழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது என்னையா, அவனையா என்று ஒரு நொடி விளங்காமல் நின்றுவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.