சுமித்ராவின் படிவத்தில் நான் போட்ட டிக்

தையல் பிரித்த நான்காம் நாள் மத்தியானம், பல் கிட்டும்படி நடுக்கம் வந்தது. பிறகு காய்ச்சல், அதன் பின் வியர்வை. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் அதே நேரத்தில் அதே நடுக்கம். கர்ப்பப்பை எடுத்த புண்ணில் சீழ் பிடித்திருக்கும் என்று ஓசூர் மருத்துவமனையில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். நான் துரும்பாக இளைத்தேன்.

ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் மலேரியா (சிவப்பணுக்களுக்குள் வளரும் ஒட்டுண்ணியால் வரும் காய்ச்சல்) என்று தெரிந்தது. வெளியூர் எங்கே போனீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒரு வருடமாக நான் ராயக்கோட்டைச் சந்தையைத் தாண்டியதில்லை. அப்படியானால் உங்களுக்கு ரத்தம் கொடுத்தது யார் என்றார்.

சுமித்ரா. நான் ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடராக இருக்கும் கம்பெனியில், ஜார்க்கண்டிலிருந்து வந்து என் லைனில் வேலை செய்பவள். யாருக்காவது ஆபரேஷன் என்றால் லைனில் இருப்பவர்களே ரத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம்.

"அந்தப் பொண்ணு மறைச்சிருக்கா. கம்பெனில சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பிடணும்" என்றார் என் கணவர்.

அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆபரேஷனுக்கு முன் அவளுடைய ரத்ததானப் படிவத்தை நிரப்பியவள் நான். தினமும் மெஷினைச் சரிபார்க்கும் செக்‌ஷீட்டில் கேள்வியைப் படிக்காமலே மேலிருந்து கீழே டிக் போட்டுப் பழகிய கை, 'சமீபத்தில் மலேரியா வந்ததா' என்ற வரியிலும் 'இல்லை'க்கு டிக் போட்டுவிட்டது. ஊருக்குப் போன இடத்தில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியும். அதற்கு லீவு நீட்டித்து எழுதியதும் இதே கைதான்.

சொன்னால் என் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும், வைத்தியமும் கிடைக்காது.

"ஃபார்ம் நிரப்பினது நான்தான் டாக்டர். அவளைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். அவமானமாகத்தான் இருந்தது.

கம்பெனியில் எனக்கு மெமோ வந்தது. அவளுக்கு வரவில்லை. காய்ச்சலே இல்லாமல், ரத்த வங்கிச் சோதனையில் சிக்காத அளவு கொஞ்சமாக, அவள் ரத்தத்தில் கிருமி இருந்தது. எனக்கு மூன்று நாள் மாத்திரை, அவளுக்குப் பதினான்கு நாள். கொசு வழியாக வந்தது கல்லீரலில் பதுங்குமாம். ரத்தம் வழியாக வந்தது பதுங்காதாம்.

ரத்தம் ஏற்றிக்கொண்ட பின் இப்படிக் காய்ச்சல் வந்தால், ரத்தம் ஏற்றியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். குணமாகிவிடும், நானே சாட்சி.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று சுமித்ரா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, என் ரத்தம் உங்களுக்குள்ள இன்னும் இருக்கா?"

ஏற்றிய சிவப்பணுக்கள் மூன்று மாதம் வரைகூட உயிரோடிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் உடம்பில் நான் மட்டுமே இருக்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கும்" என்றேன்.

"அப்போ நல்லா சாப்பிடுங்க அக்கா" என்று தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள்.