என் பெயருக்குத் திறக்காத மென்பொருள்

மகளின் கலியாணம் கனடாவில் நடந்தது. எங்கள் இருவருக்கும் விசா கிடைக்கவில்லை. மூன்று கமராக்களில் எடுத்த படத்தை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் மருமகன் கொடுத்தனுப்பினார். வெட்டி ஒட்டும் வேலையை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு அதைப் பழகி, கோயில் திருவிழாப் படங்கள் சில செய்து கொடுத்து, நல்ல பெயரும் எடுத்திருந்தேன்.

மனைவிக்குச் சலரோகம். இரத்தத்தில் சீனி கூடி ஒரு கண் முன்னரே போய்விட்டது. மற்றதையும் நம்ப முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, உள்ளபடி டீவியில போடுங்கோவன். நான் பாக்கிறன்."

"மூண்டு கமரா. ஒரே தாலியை மூண்டு தரம் பாப்பீரோ? பொறும், வடிவாச் செய்து தாறன்."

"ஏன், நான் என்ன பரிசு குடுக்கப் போறனே?"

மகள் அனுப்பிய புது மடிக்கணினியில் மென்பொருள் திறக்கவில்லை. சின்னம் தோன்றும், அதன் கீழே ஏதோ எழுத்துகள் ஓடும், பிறகு எல்லாம் மறைந்துவிடும். அழித்துவிட்டுத் திரும்பப் பதிந்தேன். டிரைவரைப் புதுப்பித்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். நாட்கள் போயின. கடைசியில் திரையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அப்பா, யூசர் நேமைத் தமிழிலயோ வச்சனீங்கள்?"

"ஓம். வேற என்ன பாசையில வைக்கிறது?"

"அதுதான் பிழை. உள்ளுக்கு ஃபோல்டரும் அந்தப் பேரிலதான் இருக்கு. இந்த சொஃப்ட்வெயாருக்கு அந்த எழுத்து விளங்காது. இங்கிலீசில புது யூசர் ஒண்டு திறவுங்கோ. சின்ன வேலை."

"என்ர வீட்டில இருந்துகொண்டு நான் பேரை மாத்தவோ? ஏலாது."

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்த காலம் முழுவதும் தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பி, அதற்காகத் தூர இடத்துக்கு மாற்றப்பட்டும் இருக்கிறேன். அந்த வீறாப்பை ஒரு கணினியிடமும் காட்டினேன். மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்கு நல்ல தமிழில் ஒரு முறைப்பாடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"உங்கட போராட்டம் முடிய முந்தி என்ர கண் முடிஞ்சிடும்" என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைத் தேடி மேசையைத் தடவியபடி, "ஏன் இன்னும் யன்னலைத் திறக்கேல்லை?" என்று கேட்டாள். யன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே உள்துறைமுகத்துத் தண்ணீரில் வெயில் ஏறிவிட்டிருந்தது. கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து ஆங்கில எழுத்தில் ஒரு கணக்குத் திறந்தேன். மென்பொருள் முதல் தட்டிலேயே திறந்துகொண்டது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எவர் மேலும் போட முடியவில்லை. படத்தைச் செய்து முடித்தேன். கைப்பழக்கத்தில், சனத்தின் இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டு வீணை இசை போட்டேன்.

அவள் நல்ல சீலை ஒன்றை உடுத்துவிடச் சொல்லி, டீவிக்கு முன்னால் கதிரையில் வந்து அமர்ந்தாள். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"வீணை நல்லாத்தான் இருக்கு. பிள்ளை ஒண்டும் கதைக்கேல்லையோ?"

திரையில் மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் குரலை வெட்டியவன் நான்.

ஹார்ட் டிஸ்கை நேராக டீவியில் செருகினேன். படம் ஓடியது. அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. மேளச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் கேட்டன. மகள் கமராவுக்குக் கிட்ட வந்து முந்தானையை விரித்துக் காட்டினாள்.

"அம்மா, சீலை எப்பிடி?"

மனைவி டீவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வடிவா இருக்கு பிள்ளை" என்றாள்.