கையெழுத்து என்னுடையதுதான்

எண்பதுகளின் கடைசியில் மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். என்னிடம் ஒன்பது வருடம் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே உழைத்த கன்னியம்மாளைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அவர் லேபர் கோர்ட்டுக்குப் போனார். வேலை வாங்கியதும் லீவு கொடுத்ததும் கான்ட்ராக்டர் அல்ல, கம்பெனிதான் என்று நிரூபித்தால் நிரந்தர வேலை கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர் ஒன்றைக் கன்னியம்மாள் பத்திரமாக வைத்திருந்தார்.

தாம்பரத்தில் என் வீட்டுக்கே வந்து, "உள்ளத சொல்லு சார், அது போதும்" என்றார். தலையாட்டினேன்.

மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் பிரமோஷனைப் பற்றிப் பேசினார்.

கோர்ட்டில் அந்த லெட்டரைக் காட்டியபோது, "இது என் கையெழுத்து இல்லை" என்றேன்.

கன்னியம்மாள் சத்தம் போடவில்லை. வக்கீலிடம் மெதுவாக, "சாரு மறந்துட்டாரு போல கீது" என்றார்.

கேஸ் தோற்றுப்போனது. அன்று அவர் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால், இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.