தசைப் பாடம் வரை படித்த டொக்டர்

ஐம்பது வயதில், மகள் வயதுப் பிள்ளைகளோடு, மன்னாரில் ஒரு கல்லூரியில் மனித உடலும் சுகாதாரமும் படிக்கச் சேர்ந்தேன். எலும்பு, தசை என்று இரண்டு பாடம் முடிந்ததுமே தலைமன்னாரில் எங்கள் தெருவுக்கு நான் டொக்டராகிவிட்டேன்.

என் கூட்டாளி சூசை, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி, ஆழத்தில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். ஒருநாள் கரைக்கு வந்ததும் முழங்கால் நோகிறது, கால் விறைக்கிறது என்றான். அவன் மனைவி மரியா ஓட்டோ பிடிக்கப் புறப்பட்டாள். நான் மறித்தேன்.

"இது தசைப்பிடிப்பு, பிள்ளை. உப்பு ஒத்தடம் குடுத்துப் படுக்க விடு."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம், அண்ணை."

"விடு மரியா, டொக்டரே சொல்லிட்டார்" என்று சூசை சிரித்தான்.

மறுநாள் காலை அவனால் எழும்ப முடியவில்லை. பிந்திவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அடுத்த கிழமை வகுப்பில் இரத்தப் பாடம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருகிறவரின் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும், மூட்டு நோகும், கால் விறைக்கும், உடனே ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். எல்லாப் பாடத்துக்கும் பகிடி விடுகிற நான் அன்று அதை ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதினேன்.

சூசை இன்னும் நடக்கவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மரியா தேத்தண்ணி தருவாள்.

"பிழை என்ரதான், அண்ணை. உங்களை மீறி நான் அண்டைக்கே கொண்டு போயிருக்க வேணும்" என்பாள்.

இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.