இடது பின்சக்கரத்து நீலக்கோடு

என் காரில் கியருக்கு முன்னால், சில்லறை போட்டுவைக்கும் குழியில், தையல்காரர்கள் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் ஒன்று கிடக்கிறது. முக்கோண வடிவம், ஒரு முனை மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கும். வண்டியில் ஏறுகிறவர்கள் குப்பை என்று நினைத்து அதை எடுத்து வெளியே எறியப் பார்ப்பார்கள். நான் பதறிக்கொண்டு வாங்கித் திரும்ப அதே இடத்தில் வைப்பேன். அது என் அக்காவுடையது. அவளிடம் கேட்டு வாங்கியதுகூட இல்லை. அவளுடைய தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து நானாக எடுத்துக்கொண்டது.

கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, கொல்லங்கோடு போகும் சாலையில் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். ஒரு சக்கரத்தில் ஐந்து கிராம் எடை கூடினாலும் குறைந்தாலும், மெஷின் சொல்வதற்கு முன்பே ஸ்டீயரிங்கைப் பிடித்த என் கைக்குத் தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பீற்றலை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாற்பது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கடைக்கு வரும் இளவட்டங்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, என்னுடைய பழைய வெள்ளைக் காரையும் தரையோடு தரையாக இறக்கினேன். குட்டையான ஸ்பிரிங், அகலமான அலாய் வீல், அதற்கேற்ற பட்டை டயர். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் பின்டயர் மட்கார்டின் உள்விளிம்பில் போய் 'கர்ர்' என்று உரசும். ஊர் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனின் வண்டியே இப்படிக் கத்தினால் கடைக்கு எவன் வருவான்?

அதிலும் ஒரு வினோதம். நானும் மனைவியும் மட்டும் போனால் சத்தம் வராது. அக்கா ஏறினால்தான் வரும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மாமா இறந்த பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்கே குடிவந்து, முன்னறையில் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பாரியான உடம்பு. சிரித்தால் உடம்பு மொத்தமும் சிரிக்கும். மாதாமாதம் அமாவாசைக்கு ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். எத்தனை சொன்னாலும் முன்சீட்டுக்கு வரமாட்டாள். "புருசம் பொண்டாட்டி முன்னால குக்கோணும்" என்று சொல்லிவிட்டு இடது பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வாள். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதில் ஏறி இறங்கும்போது தவறாமல் அந்தச் சத்தம் வரும். செக்போஸ்ட்டில் நிற்கும் மலையாளப் போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

"அக்கா, நீ ஏறுனா வண்டி அழுவுது" என்பேன்.

"அழுவட்டும். நீ அழுதப்பவெல்லாம் உன்னைய இடுப்புல சொமந்தது ஆரு? இப்ப உன்ற வண்டி என்னையச் சொமக்கட்டும்."

எதற்கும் கோபப்படமாட்டாள். மலையாளத்திலிருந்து எடுத்துக்கொண்ட 'சாரமில்ல', அதாவது பரவாயில்லை, என்ற ஒரு சொல் அவள் வாயில் எப்போதும் இருக்கும். துணியைத் தப்பாக வெட்டினாலும் சாரமில்ல, மழையில் நனைந்தாலும் சாரமில்ல.

உரசலைச் சரிசெய்வது எனக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. டயர் எந்த இடத்தில் தொடுகிறது என்று தெரிந்தால்தானே வேலையைத் தொடங்கமுடியும்? அதற்குத்தான் அந்தச் சாக்பீஸ். மட்கார்டின் உள்விளிம்பு முழுக்க நீலக்கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் தொடுகிறது என்று கணக்கு. கடையில் மற்றவர்களின் வண்டிக்கு நெல்மூட்டையைப் பின்சீட்டில் வைத்துச் சோதிப்பேன். என் வண்டிக்கு மூட்டை தேவைப்படவில்லை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைப்பேன். அவளும் கொக்கி வைக்கவேண்டிய ரவிக்கைகளை மடியில் போட்டுக்கொண்டு சளைக்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பேன். "மூச்ச இழுத்துப் புடிச்சுக்கட்டுமாடா?" என்று மேலிருந்து கேட்பாள்.

ஆவணியில் வேலையில் இறங்கினேன். மட்கார்டு விளிம்பின் பெயிண்ட் வெடிக்காமலிருக்கச் சூடுகாட்டி, உருளையை வைத்து அழுத்தி, அந்த மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடக்கினேன். சக்கரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த ஸ்பேசரைக் கழற்றினேன். ஸ்பிரிங்குக்குள் ரப்பர் கட்டை வைத்தேன். புரட்டாசி அமாவாசைக்கு விரல் நீளத்துக்குக் கோடு அழிந்திருந்தது. ஐப்பசியில் அரை விரல். கார்த்திகை அமாவாசையன்று செக்போஸ்ட் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை.

நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். இடது பின்சக்கரத்துக்கு மேலே கையைவிட்டு, போன் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தேன். கோடு போட்டது போட்டபடி இருந்தது. பின்னால் வந்த தேங்காய் லாரிக்காரன் ஆரன் அடித்துத் திட்டினான். நான் கைதட்டிக் குதித்தேன். கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி அக்கா சிரித்தாள்.

"பாதிப் பேரு எனக்கு வரோணுமாக்கும். உன்ற வண்டிக்காகத்தான் நான் ராச்சோத்தையே உட்டுப்போட்டேன்."

"நெசமாலுமேக்கா, இளைச்சுத்தான் போயிட்டே. இப்படியே இரு" என்றேன். இப்படியே இரு என்று சொன்ன வாய் இது. என் மனைவியும் திரும்பிப் பார்த்து, "ஆமாங்க அண்ணி, முகமெல்லாம் சின்னதாயி அழகா இருக்கறீங்க" என்றாள். அன்று கோயிலில் பொங்கல் வாங்கிக் கொடுத்தோம். அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை இலையோடு என்னிடம் தள்ளினாள். டயட்டு என்று சொல்லிக் கண்ணடித்தாள். அதையும் நான்தான் தின்றேன், சந்தோஷமாக.

தை பிறந்த சில நாட்களில், மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அதே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். வேகத்தடை, பள்ளம், குழி எதையும் பார்க்காமல் ஓட்டினேன். வழி முழுக்க ஓர் இடத்தில்கூட டயர் உரசவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் கட்டி என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எடை எப்பயிருந்து குறையுது?" என்பதுதான். அக்கா, "தெரியலைங்க, ஒரு மாசமா இருக்குமுங்க" என்றாள். எனக்குத் தெரியும். உலகத்தில் எந்தத் தம்பிக்கும் தெரியாத அளவுக்குத் துல்லியமாக எனக்குத் தெரியும். புரட்டாசியில் ஒரு விரல், ஐப்பசியில் அரை விரல், கார்த்திகையில் ஒன்றுமில்லை. அக்காவின் உடம்பு கரைந்த கணக்கை மாதாமாதம் குனிந்து பார்த்து, என் கைத்திறமை என்று எழுதிக்கொண்டவன் நான். டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது? இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் இருந்தது சித்திரைவரைக்கும்தான். கடைசி வாரங்களில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் ஒருவனே தூக்கி உட்காரவைத்தேன். ஒரு டயரைத் தூக்குவதுபோலத்தான் இருந்தது. ஒருநாள் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "கோடு அழியலைன்னு குதிச்சேனேக்கா. எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?" என்று அழுதேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சாரமில்லடா. நீ அன்னைக்கு நடுரோட்டுல குதிச்சயே, அதைப் பாக்க எனக்கு எத்தனை சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் பெட்டியைத் திறந்தபோதுதான் என் மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். அக்காவின் ரவிக்கைகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் தையலைப் பிடித்து உள்ளே வாங்கியிருந்தாள், ஒருமுறையல்ல, மூன்று முறை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வரிசைத் தையல். ஒவ்வொரு வரிசைக்கு அடியிலும் நீலச் சாக்பீஸ் கோடு. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளுக்குத் தன்னுடைய அளவு தெரியாமல் இருந்திருக்காது. புரட்டாசியிலேயே தெரிந்திருக்கும். பயத்தை யாரிடமும் சொல்லாமல் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, சிரித்தபடி என் காரில் ஏறியிருக்கிறாள். டயட்டு என்று அவள் சொன்ன பொய்யை நான் நம்பினேன் என்பதைவிட, நம்ப எனக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை. என் வண்டி உரசாமல் இருந்தால் எனக்குப் போதும்.

இப்போதும் வண்டியை இறக்கியவர்கள் கடைக்கு வந்து, "உங்க வண்டி மட்டும் எப்படிங்க உரசறதில்ல?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நெசமாகவே தெரியாது. நான் செய்த வேலையால் நின்றதா, அவள் இளைத்ததால் நின்றதா? பழைய அக்காவின் எடைக்கு ஒரு நெல்மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சீட்டில் மூட்டையை வைக்க எனக்குக் கை வரவில்லை.

போன அமாவாசைக்கும் நானும் மனைவியும் ஆனைமலைக்குப் போனோம். செக்போஸ்ட் வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினேன். டயர் கிழிந்து தொங்கினாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் ஒரே ஒரு முறை வந்துவிடாதா என்றிருந்தது. வரவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கி, இடது பின்சக்கரத்துக்கு மேலே கையைவிட்டுப் பார்த்தேன். கிளம்பும்போது போட்ட கோடு முழுசாக இருந்தது. கட்டைவிரலை வைத்து, விரல் நீளத்துக்கு அதை நானே அழித்தேன். பிறகு சாக்பீஸை எடுத்துவந்து அழித்த இடத்தில் மறுபடியும் கோடு போட்டுவிட்டு, வண்டியை எடுத்தேன்.