தூக்கி வைத்தால் தெரியாத கசிவு

என் அண்ணனை நினைத்தால் முதலில் அவன் முகம் வருவதில்லை. வேனின் பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே நுழைந்து அளவு பார்க்கும் அவன் விரல்கள்தான் வருகின்றன. தினமும் காலையில் காபி குடித்ததும் சக்கர நாற்காலியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய், அண்ணியிடம் வேனின் பின்பக்கத்தை உயர்த்தச் சொல்லிவிட்டு, கையை நீட்டிப் பார்ப்பான். உள்ளங்கை தாராளமாக நுழைந்தால் அன்றைக்கு நல்ல நாள். நுழையாவிட்டால் மாலைவரை அவனிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது.

மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கோடு விழுந்தான். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் தெரியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்காலிக்கு அவன் சீக்கிரமே பழகிக்கொண்டான். அவனால் கடைசிவரை பழக முடியாதது, மற்றவர்கள் தூக்குவது. ஒருவர் அக்குளில் கைகொடுப்பார், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே. வேட்டி விலகும். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆறுதலாகத்தான், “சாருக்கு வெயிட்டே இல்ல” என்பார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வான். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருக்கும்.

அந்த அவமானத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பழைய வேனை வாங்கினார்கள். அதன் பின்பக்கம் காற்று நிரம்பிய இரண்டு ரப்பர் பலூன்களின் மேல் நிற்கும். ஒரு பட்டனை அழுத்தினால் காற்று வெளியேறிப் பின்பக்கம் தாழும். பலகையை இழுத்துப் போட்டால் நாற்காலியோடு அவனே உருண்டு ஏறிவிடுவான். மறுபடி அழுத்தினால் கம்ப்ரஸர் காற்றடித்து வண்டியை நிமிர்த்தும். இதற்காகவே அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஊரப்பாக்கம் தெருக்களில் அவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் காம்பவுண்டுக்குள் ஓடிய காலமும் உண்டு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் வண்டி நிமிர மறுத்தது. கம்ப்ரஸர் முக்கி முனகி, வெகுநேரம் கழித்துத்தான் தூக்கியது. அடுத்த வாரம் இன்னும் மோசம். தாம்பரத்தில் அண்ணி வழக்கமாக விடும் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் வேனை லிஃப்டில் ஏற்றி, பலூன், குழாய், வால்வு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்.

“சார், ஒரு சோப்பு முட்டை கூட வரல. கம்ப்ரஸர்தான் போயிடுச்சு. வண்டிய இங்கயே வுட்டுடுங்க, புதுசு எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆட்டோ வரச் சொல்றேன், நானே உங்கள தூக்கி ஒக்கார வெச்சுடறேன்.”

தங்கமான மனிதர். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அண்ணனின் கை நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்ததை நான் பார்த்தேன். மறுபடியும் அக்குளில் கை, மறுபடியும் அந்த ஆறுதல்.

“தூக்கி வச்சுப் பாத்தா எப்படிப்பா தெரியும்?” என்றான். “சக்கரம் தொங்குது, பலூன்ல பாரமே இல்ல. பாரம் இருந்தாதான வெடிப்பு வாயத் திறக்கும்? கீழ நிக்க வச்சுப் பாரு.”

“அது கரெக்டுதான் சார். ஆனா அடியில எவன் பூந்து பாக்கறது? டொப்புனு ஒக்காந்துச்சுன்னா?”

“ஸ்டாண்ட் குடுக்காம ஒரு விரலக் கூட உள்ள விடாத. நானும் ஏறிக்கறேன். எப்பவும் நான் இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”

வண்டியைத் தரையில் நிறுத்தினார்கள். அண்ணன் வழக்கம்போல உருண்டு ஏறினான். பின்பக்கத்தை உயர்த்தி, ஒருவேளை இறங்கினால் தாங்குவதற்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்தார்கள். மெக்கானிக் உள்ளே தலையை நீட்டிச் சோப்புத் தண்ணீர் அடிக்க, நான் மொபைல் வெளிச்சத்தைப் பிடித்தேன். உள்ளேயிருந்து அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான், “நுரை வருதா? வருதா?” பரீட்சை ரிசல்ட் கேட்கும் பிள்ளையின் குரல் அது.

“சார்! மடிப்புல கீது சார்! அப்பளம் மாதிரி பொங்கிக்கினு வருது!”

வலதுபக்க பலூன், உள்பக்கம் மடங்குகிற இடத்தில், வட்டமாக வெடிப்பு விட்டிருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணியிடம் கேட்டார், “ராத்திரில வண்டிய எப்டிக்கா வுடுவீங்க?”

“இறக்கித்தான் விடுவேன். காலைல அவர் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல.”

மெக்கானிக் குனிந்து அந்த மடிப்பை விரலால் தடவிக் காட்டினார். ராத்திரி முழுக்க ஒரே மடிப்பில் நசுங்கிக் கிடந்து ரப்பர் அங்கேயே விட்டுப்போயிருக்கிறது. வண்டி ஏற்கெனவே தாழ்ந்து நிற்பதால், காற்று கசிந்து இறங்குவதும் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணியின் முகம் செத்துப்போனது. அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தான்.

“பாசத்துல ஓட்ட போட்டுட்டாப்பா என் பொண்டாட்டி.”

அன்று அதே வண்டியில் மெதுவாக வீடு திரும்பினோம். புது பலூன் வரும்வரை அவன் வீட்டைவிட்டு நகரவில்லை. வந்து மாட்டிய பிறகு முதலில் போனது திருநீர்மலை மலைக்கோயிலுக்கு. மலையடியில் வேனிலிருந்து இறங்கி, படிகளைப் பார்த்தபடி இருந்தான். பூக்கடைக்காரர், ஆட்களைக் கூப்பிடுவதாகவும் நாற்காலியோடு மேலே கொண்டுபோய்விடலாம் என்றும் சொன்னார். “வேண்டாங்க, இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்” என்றான். அவன் பிடிவாதத்தின் மேல் எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது. சாமிகிட்ட போறதுக்குக் கூடவா ரோஷம் என்று திட்டினேன். அதற்கும் சிரித்தான்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். இப்போது அந்த வேன் வாசலில் நிமிர்ந்தே நிற்கிறது. விற்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், அண்ணி காதில் வாங்குவதில்லை. காய்கறி வாங்கக்கூட அதில்தான் போகிறார். நாற்காலி நிற்கும் இடத்தில் பை வைப்பதில்லை, மடியில் வைத்துக்கொண்டே ஓட்டுகிறார். நான் ஒருமுறை கேட்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவன் போன அன்று வீடு முழுக்க ஆட்கள். ஃபேக்டரி நண்பர்கள், தெருக்காரர்கள், தாம்பரத்து மெக்கானிக் கூட வந்திருந்தார். குளிப்பாட்டக் கொண்டுபோக வேண்டும் என்று யாரோ சொல்ல, ஆண்கள் குனிந்து அவன் அக்குளிலும் காலிலும் கை கொடுத்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணி சட்டென்று எழுந்து வந்தார்.

“தூக்காதீங்க. அவருக்குப் பிடிக்காது.”

எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல்களில் சொன்ன அதே அதட்டல். குனிந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி அவன் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்து, விலகாதபடி ஓரத்தை இரண்டு பக்கமும் செருகினார். பிறகு தள்ளி நின்றுகொண்டு, “சரி, தூக்குங்க” என்றார்.