நடக்காத ஷூ

மாமாவால் நடக்க முடியும் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்தது தப்பு என்பது வேறு விஷயம்.

மாமா அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது என்றார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு, சக்கர நாற்காலியோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு என் அறையைக் கொடுத்தார்கள். எனக்கு ஹாலில் பாய். ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை துப்பறியக் கிளம்ப இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நாற்காலியில் இருந்தபடியே அடிக்கடி இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்குவார். கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு இறங்குவார். கேட்டால், "சும்மா உக்காந்தே கெடந்தா புண்ணு வந்துரும் பாப்பா" என்பார். நான் நம்பவில்லை. வகுப்பில் நான்கூடத்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு என்ன புண் வந்தது? எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கிழவர் ஒருவர் உண்டு. சொல்தா என்போம். அவரே கம்பை ஊன்றிக்கொண்டு பீச் வரைக்கும் போய்வரும்போது இவருக்கு என்ன கேடு என்று தோன்றும்.

இந்த நேரத்தில்தான் புது ஷூ வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி, புதுச்சேரி விடுதலை நாளுக்குத் தெருமுனையில் கொடியேற்ற மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அடிபட்ட பிறகு அவரை ஒருவர் ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டார், பதக்கங்களைத் துடைத்தார். "தோலு கொஞ்சம் எளகணும்க்கா" என்று ஒரு வாரமாக அந்தக் கறுப்பு ஷூவைப் பகல் முழுக்க மாட்டிக்கொண்டே இருந்தார். கால் வீங்குகிறது, கழற்று என்று அம்மா சொன்னது எடுபடவில்லை.

நடக்காதவருக்கு ஷூ எதற்கு, அது இளகித்தான் என்ன ஆகவேண்டும்? அவர் குளிக்கும் நேரத்தில் எடுத்து அடியைப் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை. துடைத்துவிட்டார் என்று முடிவுக்கு வந்தேன். மண் இருந்திருந்தால் நடந்தார் என்று ஆகும். இல்லாததால் நடந்ததை மறைக்கிறார் என்று ஆயிற்று. என் சட்டத்தில் தப்பிக்க வழியே கிடையாது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மதியம் கையும் களவுமாகப் பிடித்தேன். ஷூவோடு கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது கால் துள்ளியது. நின்றது. மறுபடி உதைத்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

"யம்மா, மாமா நடிக்குது. காலு அதும்பாட்டுக்கு உதைக்குது. நேத்தவிட இன்னிக்கு ஜாஸ்தி."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள். "எந்தக் காலு?"

ஷூவைக் கழற்றினாள். குதிகாலோடு சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு மெதுவாக உரித்ததும் கறுத்துப்போய் சீழ் வைத்த புண். மாமா எட்டிப் பார்த்தார், யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"ஒனக்குத்தான் வலிக்காது. கீழ எதுனா ஆச்சுன்னா காலுதான் இழுத்து இழுத்துச் சொல்லும்னு மிலிட்டரி ஆஸ்பத்திரில படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புனாங்களேடா."

"நாளைக்கு ஒரு நாள் விட்டுரு அக்கா. கொடிய ஏத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"போன வருசம் அங்கயும் இப்பிடித்தான், புண்ண டாக்டர்கிட்ட சொல்லாதன்னு கெஞ்சுன. நானும் எரக்கப்பட்டு வாய மூடிக்கினேன். எத்தினி மாசம் குப்புறப் படுத்துக் கெடந்த? ஒடம்பு கொதிக்குது பாரு."

ஆட்டோ வந்தது. மறுநாள் கொடியை சொல்தாதான் ஏற்றினார். பிரெஞ்சுக்காரனிடமிருந்து விடுதலை பெற்ற நாளில், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எங்கள் தெருவில் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன்.

மாமா திரும்பிவரப் பொங்கல் ஆகிவிட்டது. வந்த அன்றே இரண்டு கால்களையும் கையால் தூக்கி என் முன்னால் ஸ்டூலில் வைத்தார்.

"ஏய் சிஐடி. இனிமே டெய்லி நீதான் பாக்கணும். வெரல் இடுக்கு, குதிகாலு, எல்லாம். எங்கனா செவப்பா இருந்தா ஒங்கம்மாகிட்ட சொல்லிடு. வேணாம்னு நானே கெஞ்சுனாலும் சொல்லிடு."

பிடிபட்டவர் சரணடைகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அந்தக் கால்களைத் திருப்பித் திருப்பிச் சோதித்தேன். மாமா எதிர்ப்பே காட்டாததுதான் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் வீட்டில் இருக்க, ஒரு நாள்கூட அவரை நம்பாத என்னைப் பார்த்து எதற்கு அந்த வேலையைக் கொடுத்தார் என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.